மூன்று 'இருக்கலாம்'

காகித ஆலையின் அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலைதான். ஆட்கள் வாயால் சொல்லும் கோளாறுகளை இங்கிலீஷில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் புருஷன் அதே ஆலையில் பாய்லர் பார்க்கிறவன்.

ஒருநாள் காலையில் அவன் வந்து நின்றான். "சேஃப்டி வால்வு அடைச்சுக்கிச்சு. அழுத்தமானி முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டா அது தானா திறந்து நீராவியை வெளிய விடணும். விட மாட்டேங்குது. உங்கம்மா வீட்ல நான் உக்காந்திருக்கிற மாதிரி கம்முனு இருக்கு."

அவள் அப்படியே எழுதினாள், அம்மா வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

மேனேஜர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அடைச்சிருக்குன்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றே? நீ உள்ள போய்ப் பாத்தியா? 'மே' போடு, அடைச்சிருக்கலாம்னு. இன்னும் ரெண்டு காரணம் சேரு. ஒண்ணுக்கு 'மைட்', ஒண்ணுக்கு 'குட்'. ஒரே காரணத்தைச் சொல்லிட்டு நாளைக்கு யாரு கையைக் கட்டி நிக்கிறது?"

அங்கே அதுதான் வழக்கம். ஒற்றைக் காரணத்தோடு எந்த அறிக்கையும் வாசல் தாண்டியதில்லை. அவள் சேர்த்தாள். வால்வு அடைத்திருக்கலாம். அழுத்தமானி தப்பாகக் காட்டலாம். விறகு அதிகமாகப் போட்டிருக்கலாம்.

வால்வை மாற்ற ஆலையை நிறுத்த வேண்டும். அழுத்தமானியை மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். தலைமை அலுவலகம் அழுத்தமானியை அனுப்பியது.

அவள் புருஷன் அதை மாட்டினான். புது முள்ளும் அதே சிவப்புக் கோட்டில் போய் நின்றது. வால்வு திறக்கவில்லை.

"புதுசும் பழுதா இருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு மேனேஜர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எழுத்தில் உத்தரவு இல்லாமல் பாய்லரை நிறுத்தியவனுக்கு முன்பு வேலை போயிருக்கிறது. அவள் ஒரே வரி அடித்தாள். பாய்லரை உடனே நிறுத்தியாக வேண்டும். கீழே மேனேஜரின் முத்திரையைக் குத்தினாள். எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவன் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். "'மஸ்ட்'டா?"

"ஆமாங்க. நிறுத்துங்க முதல்ல."

"நம்ம ஆபீஸ்லேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லியே. இது அந்த ஆளு எழுதினது இல்ல." அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ அடிச்சியா?"

"யாரு அடிச்சா என்னங்க?"

"வேலை போனா உங்கண்ணனா சோறு போடுவான்? இரு, ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வந்துடறேன். சாப்பாட்டு மணிக்குள்ள நெருப்பைத் தணிச்சுக்கலாம்."

போன் பாய்லருக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தது. அவன் உள்ளே போனான். மேனேஜர் எடுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பத் திரும்ப எண்களை அழுத்துகிற சத்தம் வந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. ஆலையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நீராவியை இழுக்க இனி எதுவும் இல்லை. அடுப்பில் விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

"வெளிய வாங்க," என்றாள்.

"ரிங் போகுதுடி. இரு."

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவள் அந்த அறையை நோக்கி நடந்தாள். வால்வு கம்மென்று இருந்தது.