மூக்குக்குச் சிக்காத வலி

பேக்கரியில் அவளுக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். மாவு அதிகம் புளித்திருக்கிறதா, வெண்ணெய் கெட்டுவிட்டதா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு, புருஷன் திருட்டுத்தனமாகக் குடிப்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய தீராத மனக்குறை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது முதுகுவரை பாயும் வலியில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். ஆஸ்பத்திரியில் கணையம் வீங்கியிருக்கிறது என்பார்கள், கையோடு, "குடிப்பீங்களா?" என்பார்கள். இல்லை என்பான். ஒருத்தரும் நம்பியதில்லை. அவன் அப்பாவும் இதே வலியில்தான் போய்ச் சேர்ந்தார், குடிகாரர் என்ற பட்டத்தோடு.

அவளும் சும்மா இருக்கவில்லை. டூல் பாக்ஸ், தண்ணீர்த் தொட்டி, பழைய ஷூ என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். தினமும் வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். ஒரு வாசனையும் வரவில்லை. சந்தேகம் தீர்ந்ததா என்றால் அதுதான் இல்லை. வாசனையே இல்லாத சரக்கு ஏதோ வந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். கெட்டிக்காரிகள் ஏமாறுகிற விதமே தனி. மகளுக்கு வயிற்றுவலி என்றாலும் அதே விசாரணைதான்: ஒளித்துவைத்துச் சாக்லேட் தின்றாளா என்று வாயை முகர்ந்து பார்ப்பாள்.

இந்தத் தடவை பார்த்தது ஒரு புது டாக்டரம்மா. "முதல் வலி எந்த வயசுல வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஸ்கூல்ல படிக்கறப்பவே வரும் டாக்டர். நடிக்கறேன்னு அடிதான் கிடைக்கும்."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். சில வாரங்கள் கழித்து இருவரையும் வரச் சொன்னார்.

"உங்க மரபணுவுல ஒரு சின்ன மாற்றம் இருக்கு. கணையத்துல ஊறுற செரிமான நீர், குடலுக்குப் போனப்புறம்தான் வேலையை ஆரம்பிக்கணும். உங்களுக்கு உள்ளேயே முழிச்சுக்குது. கணையத்தையே அரிக்குது. குடிச்சா மோசமாகும், ஆனா குடிக்காமலே வரும்."

அவளுக்கு ஆவல் தாங்கவில்லை. "ஈஸ்ட் மாவுல சேர்றதுக்கு முன்னாடி டப்பாவிலேயே பொங்கிட்ட மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"பொங்காம அடக்க உடம்புல ஒண்ணுமே கிடையாதா?"

"நல்ல கேள்வி. இருக்கு. ஆனா இந்த மாற்றத்தால, அடக்கினாலும் அடங்க மாட்டேங்குது."

"அப்போ எங்கப்பா..." என்று இழுத்தான் அவன்.

"அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமும் புருஷனை ஊதச் சொன்னதை நினைத்துத் தலை குனிந்தாள். பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்து, "பிள்ளைங்களுக்கு வருமா?" என்றாள்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. வயித்துவலின்னு சொன்னா அலட்சியமா விட்டுடாதீங்க."

வீடு திரும்பியபோது மகள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடந்தாள், அப்பன் கிடக்கிற அதே மாதிரி. அம்மாவைக் கண்டதும் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினாள்.

"சாக்லேட் தின்னலைம்மா. வேணும்னா மோந்து பாரு."

அவள் ஓடிப்போய் அந்த வாயைக் கையால் மூடினாள். "வேண்டாம் கண்ணு. எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லு."

மகள் நம்பாமல் அம்மாவையே பார்த்தாள். பிறகு மேல்வயிற்றில் கை வைத்தாள். அங்கிருந்து முதுகைக் காட்டினாள். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த அவன், அதைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.