பூஜையில் வைத்த மட்டை

ஆவணி மாதம் ஒரு காலை, குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கப் போன ஹேமா பாதியிலேயே அதை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டாள். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு முட்டி நிற்கிற இடத்தில், யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி இருந்தது. அம்மா ஜெயந்தி அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதலில் டென்னிஸைத்தான் நிறுத்தச் சொல்லியிருப்பாள்.

ஹேமாவுக்கு இருபத்தொன்பது வயது. செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீடு சிறுகடம்பூர். அப்பா அஜிததாஸுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். நயினார் குடும்பம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நயினார் என்றால் நம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். விளக்கில் பூச்சி விழுந்தாலும் மனசு கஷ்டப்படுகிற வீடு.

இரட்டையர் ஆட்டத்தில் ஹேமாவுக்கு ஜோடி ஷோபனா. நாலு வயது மூத்தவள், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு பேரும் ஆறு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் தோற்றார்கள். இந்த வருஷம் முதல்முறையாக அதைத் தாண்டிவிட்டார்கள். சரஸ்வதி பூஜை கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. இந்த நேரம் பார்த்து முழங்கை இப்படி ஆனது.

டாக்டர் மூன்று மாதம் ஓய்வு என்றார். ஷோபனா அவளை நேராகத் திண்டிவனம் ரோட்டுக்கு, ஆனந்தராஜின் சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனந்தராஜ் பன்னிரண்டு வருஷம் சென்னையில் ஒரு கிளப்பில் மட்டைகளுக்கு நரம்பு கட்டியவர். ஊருக்குத் திரும்பி சைக்கிள் கடை போட்டபோது நரம்பு கட்டும் மெஷினையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். பஞ்சர் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்கும்.

அவர் ஹேமாவின் மட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து இன்னும் இரண்டு எடுத்து வந்தார். மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இரண்டு பெண்களையும் கடை வாசலில் சும்மா வீசச் சொன்னார். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "ஷோபனா கொசு அடிக்குது. நீ நெல்லு அடிக்கிற. ரெண்டு பேருக்கும் ஒரே மட்டைன்னா எப்படிம்மா?"

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். ஷோபனா வலைக்குப் பக்கத்தில் நின்று குட்டி குட்டியாகத் தட்டுகிறவள். அவளுக்குத் தலைப்பக்கம் லேசான மட்டை வேண்டும். ஹேமா பின்னால் நின்று தோளிலிருந்து வீசி அடிக்கிறவள். அவள் வைத்திருந்தது லேசான, விறைப்பான மட்டை. அதில் கம்பி மாதிரி பாலியஸ்டர் நரம்பு வேறு. பந்து பட்ட அதிர்ச்சி முழுக்கக் கைக்குத்தான் வரும். எடுத்து வந்த இரண்டில் ஒன்றைக் காட்டி, பழைய மட்டையானாலும் கனமானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, அதுதான் இவளுக்கு என்றார். பனமலை ஏரியில் வலை வீசுகிறவர்களிடம் வாங்கி வைத்திருந்த ஈயக் குண்டுகளைச் சுத்தியால் தகடாக அடித்து, மட்டையின் தலையில் இரண்டு பக்கமும் டேப்புக்கு அடியில் ஒட்டினார். கைப்பிடி மெலிசாக இருக்கிறது, அதனால் இறுக்கிப் பிடிக்கிறாய் என்று இன்னொரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். சைக்கிள் போக்ஸ் கம்பி மேல் மட்டையைப் படுக்க வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். நகை செய்கிறவர் தோற்றுப்போவார், அவ்வளவு பொறுமை.

நரம்புக்கு வந்தபோதுதான் தயங்கினார்.

"கைவலிக்கு ஒரு நரம்பு இருக்குது. அதுக்கு மேல ஒண்ணு இல்ல. ஆனா உங்க வீட்டுக்கு ஆவாதும்மா."

ஏன் என்று ஹேமா கேட்டாள். மாட்டுக் குடலில் செய்வது என்றார். ஒரு மட்டைக்கு மூணு மாடு என்று கிளப்பில் பேசிக்கொள்வார்களாம்.  பார்த்தால் தெரியுமா என்று ஹேமா கேட்டு வைத்தாள். ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்து, உப்பி, சுருள் சுருளாகப் பிரியும், வேறு எதுவும் அப்படிப் பிரியாது என்றார். அது வேண்டாம், நைலானில் மெத்தென்று இருப்பது ஏதாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஹேமா வந்தாள். ஷோபனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மட்டையில் வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை. இரண்டு வாரத்தில் அந்த நைலானும் அறுந்தது. அன்று மகாளய அமாவாசை. மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றும் நிற்காமல், ஆள் தொங்கத் தொங்கப் போய்க்கொண்டிருந்தன. ஹேமா ஒரு மணி நேரம் ஸ்டாப்பில் நின்றுவிட்டு ஷோபனாவுக்குப் போன் செய்தாள். ஷோபனா ஸ்கூட்டியில் வந்து, நானே கட்டிக்கிட்டு வரேன் என்று மட்டையை வாங்கிப் போனாள்.

மறுநாள் காலை பயணியர் மாளிகைக்குப் பின்னால் இருக்கிற மண் கோர்ட்டில் ஹேமா முதல் பந்தை அடித்தாள். அடித்துவிட்டு மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பந்து நரம்புக்குள் ஒரு நொடி உட்கார்ந்து எழுந்து போன மாதிரி இருந்தது. கைக்கு ஒன்றுமே வரவில்லை. இருபது பந்து, நாற்பது பந்து. வலி இல்லை. இது இன்னா நரம்பு என்று கேட்டாள். ஏதோ புது நைலான், இப்பதான் வந்திருக்குதாம் என்றாள் ஷோபனா, பந்து பொறுக்கக் குனிந்துகொண்டே.

ஹேமா அதற்கு மேல் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆட்டத்தின் நடுவில் தூறல் விழுந்தது. நிழலுக்கு ஓடி வந்து மட்டையைத் துடைக்கும்போது பார்த்தாள். நடுவில் இரண்டு மூன்று நரம்புகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. ஒன்றில் சின்னதாக ஒரு சுருள் எழும்பி நின்றது. அவள் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்து, மட்டையை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அன்றைக்கு அப்புறம் அதைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் ஆடினாள். அதற்கு அடுத்த நாளும் ஆடினாள்.

கேட்கிறவர்கள் அவளைச் சட்டென்று திட்டிவிடாதீர்கள். ஒரு மாதமாகச் சீப்பைத் தூக்கித் தலைவார முடியாமல் இருந்தவளுக்கு வலி நின்றுபோனால், அந்த நிம்மதியை யார்தான் கிளறிப் பார்ப்பார்கள்?

சரஸ்வதி பூஜை வந்தது. ஜெயந்தி பூஜை அறையில் மகாவீரர் படத்துக்கு முன்னால் பலகை போட்டு, சாஸ்திரப் புத்தகங்களை அடுக்கினாள். பக்கத்தில் கடைத் தராசு, அரிவாள்மனை, தையல் மெஷின் சாவி. பிறகு மகளைக் கூப்பிட்டு, உன் மட்டையையும் குடு என்றாள். அது அழுக்கா இருக்குதும்மா, வேணாம் என்றாள் ஹேமா. வலி நின்ற பிறகு ஹேமா கையைப் பற்றிச் சொல்லியிருந்ததால், கையை நல்லபடி ஆக்கின மட்டையாச்சே என்று சொல்லி, ஜெயந்தியே உறையிலிருந்து எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, தலையில் சந்தனம் வைத்து, புத்தகங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஹேமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். 

பதினொரு மணி இருக்கும். ஆனந்தராஜ் கடையில் பூஜை முடித்துவிட்டு, வாடிக்கைக்காரர் வீடுகளுக்குப் பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டு வந்தார். வா ஆனந்தராஜ், உன் புண்ணியத்துல பொண்ணு கை நல்லாயிடுச்சு என்று ஜெயந்தி உள்ளே கூப்பிட்டாள். கூடத்தில் கால் வைத்தவர் பூஜை அறையைப் பார்த்தார். அப்படியே நின்றார். பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகப் பின்னால் நடந்து வாசலுக்கே போய்விட்டார்.

ஹேமா பின்னால் ஓடினாள்.

"நீ சரின்னுட்டதா ஷோபனா சொன்னிச்சு. நான் ரெண்டு தடவை கேட்டேன்," என்றார் தணிந்த குரலில். "ஆடறதுக்கு சரின்னிருக்கலாம். அங்க வெக்கலாமாம்மா அதை?"

ஜெயந்தி கதவோரம் வந்து நின்றிருந்தாள். எதை என்று கேட்டாள். ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஹேமாதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள், ஆனால் இப்படிச் சொன்னாள்: "எனக்குத் தெரியாதும்மா. ஷோபனாக்கா எங்கிட்ட சொல்லாம கட்டிட்டாங்க."

ஜெயந்தி மட்டையை ஒரு துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துச் சுவரோரம் வைத்தாள். பலகையில் இருந்ததையெல்லாம் எடுத்து, அறையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அவள் சொன்னது ஒன்றுதான். "இந்த வீட்ல எத்தனை தடவை சாப்ட்டிருக்கா அந்தப் பொண்ணு. இனிமே அவ வாசப்படி ஏறக் கூடாது."

சாயங்காலம் கோர்ட்டில் ஷோபனா எதையும் மறுக்கவில்லை. நீ பல்லைக் கடிச்சிக்கிட்டு அடிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியலை என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்கும் ஒரு தடவை ஜெயிக்கணும்னு இருந்திச்சு என்றும் சொன்னாள். ஹேமா, எங்க வீட்டைப் பத்தித் தெரிஞ்சும் எப்படிக்கா செஞ்சீங்க என்று அழுதாள். ஷோபனா வலையின் தளர்ந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தூறல் அன்னிக்கு நீ பாத்தியே ஹேமா. நீ பாத்ததை நானும் பாத்தேன்."

ஹேமாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட எம் பேரே இருக்கட்டும்," என்றாள் ஷோபனா. "நான் வெளியாளு. எம்மேல கோவப்பட்டு அவங்க இருந்துக்குவாங்க. உம்மேல கோவப்பட்டு அந்த வீட்ல அவங்க எப்படி இருப்பாங்க?"

இதைவிட வசதியான ஏற்பாடு ஹேமாவுக்குக் கிடைத்திருக்காது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடுமுறை, அவள் வீட்டிலேயே இருந்தாள். அம்மா அடுப்படியில் ஷோபனாவைப் பற்றி அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. அவ சாப்ட்ட தட்டை எடுத்துத் தனியா வெச்சிட்டேன் என்றாள் அம்மா. சாயங்கால வேளையில், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஹேமா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"இது என் தட்டும்மா. எனக்குத் தெரியும். அஞ்சு நாளு முன்னாடியே தெரியும்."

"பூஜையில வெக்கறப்போ?"

"தெரியும்."

ஜெயந்தி தட்டைப் பார்த்தாள். எத்தனை நாள் அதில் ஆடினாய் என்று கேட்டாள். ஏழு நாள் என்றாள் ஹேமா. தெரிந்து ஆடியது மூன்று நாள்தான் என்று சேர்த்துச் சொன்னாள்.

"ஏழுன்னே வெச்சுக்குவோம்," என்றாள் ஜெயந்தி. "கேக்காம இருந்த நாளும் அதுல உண்டு."

மறுநாளிலிருந்து ஏழு நாள் ஒருவேளைதான் சாப்பாடு என்று அவள் விரதம் எடுத்துக்கொண்டாள். மகளை எடுக்கச் சொல்லவில்லை. உனக்கு ஆட்டம் இருக்குது, நீ சாப்டு என்றாள். ஹேமா கேட்கவில்லை. தானும் எடுத்துக்கொண்டாள்.

விரதத்தின் முதல் நாள் காலையே ஹேமா மட்டையின் நரம்பை அறுத்தாள். ஓரத்திலிருந்து அறுத்தால் மட்டை கோணிவிடும், நடுவிலிருந்து ஆரம்பித்து மாற்றி மாற்றி வெளியே வரணும் என்று ஆனந்தராஜ் சொல்லிக் கொடுத்திருந்தார். கத்தரி பட்ட ஒவ்வொரு நரம்பும் டப்பென்று தெறித்தது. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் சேர்த்தாள். ஜெயந்தி நந்தியாவட்டைச் செடிக்கு அந்தப் பக்கம், தானே குழி தோண்டினாள். முழங்கை ஆழத்துக்கு. போட்டு மூடிய பிறகு இரண்டு பேரும் கை மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். எந்த ஊர் மாடோ என்றாள் ஜெயந்தி.

ஆனந்தராஜ் பழையபடி மெத்தென்ற நைலானைப் போட்டு, எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்திக் கட்டினார். ஈயத்தை இன்னும் ஒரு துண்டு கூட்டினார். முதல் நாளே வலி வந்துவிட்டது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என்று கேட்கிற மாதிரி, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் முதல் செட்டை ஜெயித்தார்கள். ஷோபனா வலையோரத்தில் அன்று ஆடிய மாதிரி எப்போதும் ஆடியதில்லை. ஹேமாவுக்கு வருகிற பந்துகளில் பாதியை அவளே குறுக்கே பாய்ந்து எடுத்தாள். இரண்டாவது செட்டில் எதிராளிகள் அதைப் புரிந்துகொண்டு, எல்லாப் பந்தையும் ஹேமாவின் பக்கமே ஆழமாகப் போட்டார்கள். மூன்றாவது செட்டில் ஹேமாவின் விரல்கள் கைப்பிடியில் நிற்கவில்லை. விட்டுடலாம்டி என்று ஷோபனா காதோரம் சொன்னாள். ஹேமா தலையை ஆட்டிவிட்டுப் போய் நின்றாள். கடைசிப் பந்து வலையில் பட்டு, இவர்கள் பக்கமே உருண்டு வந்தது.

திரும்பும்போது மழை. பஸ் வழியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. ஹேமா ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஷோபனாவுக்குக் காரணம் தெரியவில்லை. தோற்றதற்காக என்று நினைத்தாள். செஞ்சியில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஹேமாவால் பையைத் தூக்க முடியவில்லை. அதனால் ஷோபனாவே எடுத்துக்கொண்டு சிறுகடம்பூர் வரைக்கும் வந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டுத் திரும்பப் போனாள்.

ஜெயந்தி கதவைத் திறந்தாள். ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை. மகளின் கையைப் பார்த்தாள், அது தொங்கிய விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு, உள்ள வா ஷோபனா என்றாள்.

கூடத்தில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. பக்கத்தில் மூடி வைத்த சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். பொழுதோடு மகள் வந்துவிடுவாள், சேர்ந்தே சாப்பிடலாம் என்று, அன்றைய ஒருவேளையையும் ஜெயந்தி சாப்பிடாமல் காத்திருந்தாள். ஹேமாவும் ஆட்டம் முடிந்து வீட்டில்தான் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இருட்டிய பிறகு இரண்டு பேருக்கும் இனி நாளைக்குத்தான். ஹேமா சொல்லித்தான் ஷோபனாவுக்கு இது தெரிந்தது.

ஜெயந்தி ஒரு தட்டை நிமிர்த்தி ஷோபனாவுக்கு முன்னால் வைத்தாள். தனியாக எடுத்து வைத்திருந்த அதே தட்டு.

"வேணாம்மா," என்றாள் ஷோபனா. "நீங்க ரெண்டு பேரும் இப்படி இருக்கறப்போ நான் எப்படி."

"எங்களுக்கு நேரம் போயிடுச்சு. உனக்குப் போகலையே," என்றாள் ஜெயந்தி. "ஆக்கின சோத்தைக் கொட்டக் கூடாது. உக்காரு."

ஷோபனா உட்கார்ந்தாள். ஜெயந்தி பரிமாறினாள். பிறகு சுவரோரம் போய், ஹேமாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்க்க ஆரம்பித்தாள். ஹேமா வலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடத்தில் ஷோபனா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகாமல்.

"ஆறிடப் போகுது," என்றாள் ஜெயந்தி, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாப்டு."