தெருமுனையில் திரும்பும் சப்பரம்

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் எங்கள் ஊர்க் காலனியில் இருக்கும் மரியசூசையின் தெருமுனை வரைக்கும் போகும். அந்தத் தெரு சனம் தரும் மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடும். ஏன் உள்ளே வருவதில்லை, இந்த வருஷமாவது வருமா என்று கேட்கத்தான் அவன் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கே வந்தான்.

அது 1983. காரைக்காலில் கல்லூரி விட்டதும் நாங்கள் சிலர் மரத்தடியில் உட்கார்ந்து சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசிப் பழகினோம். முறை வைத்து ஒருவர் நடத்த வேண்டும். நடத்துகிறவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், வாதாடக் கூடாது. அன்றைக்கு என் முறை. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"ஜெயமேரி, நாக்கக் கடிச்சுக்கிட்டு உக்காரு" என்று கேலி செய்தாள் குரும்பகரத்து அல்லி.

நான் ஆரம்பித்தேன். "தெரு குறுகலா இருக்கா?"

"நெல்லு லாரியே வந்து போவுது" என்றான் மரியசூசை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"பங்குச் சாமியார் வேணாங்கிறாரா?"

"அவரு சரின்னுட்டாரு. திருவிழாக் கமிட்டிதான் ஒத்துக்கல."

கமிட்டித் தலைவர் என் அப்பா சூசைமுத்து. 'எங்கப்பா சாதி பாக்குற ஆளே இல்ல' என்று தொண்டை வரைக்கும் வந்தது. அல்லி என்னையே பார்த்தாள். முழுங்கிக்கொண்டேன். கோபம் இருந்தது, ஆனால் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்கப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"என்ன சொன்னாங்க?"

அவன் புல்லைக் கிள்ளினான். "வேணாம், விடுங்க."

"பரவால்ல, சொல்லுங்க."

"'வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு. சப்பரம் உங்க தெருவுக்குள்ள வந்தா எங்க சனத்துல யாரு பொண்ணு கேட்டு வருவா? அது கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்'னாங்க."

அடப்பாவமே, நானா காரணம்! வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் அப்பா முன்னால் போய் நின்றேன். "அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிட்டா சப்பரம் அந்தத் தெருவுக்குள்ள போவுமா?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்கு அப்பறம் தங்கச்சி இருக்காளே" என்றார்.

"அவளுக்கு அப்பறம்?"

"போம்மா, போயி வேலையப் பாரு."

திருவிழா வந்தது. சப்பரம் வழக்கம்போலத் தெருமுனையில் நின்றது. எங்கள் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மெழுகுவர்த்தியோடு உள்ளே நடந்தேன். தங்கச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரியசூசையின் அம்மா வாசலுக்கு வந்து, "வாங்கம்மா" என்றார்.

இனி அப்பா வேறு காரணம்தான் தேட வேண்டும்.