கடை ஏரிக்குப் பிறகு

1

இந்தக் கதை ஓர் ஆட்டோவின் கூரையிலிருந்து எனக்குக் கிடைத்தது.

அடி அண்ணாமலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிரிவலப் பாதையில் ஒரு ஷேர் ஆட்டோ போனது. கூரையில் காற்றடைத்த ரப்பர் படகு, ஆரஞ்சு நிறம், நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே சவாரி இல்லை. கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பாதையில் எது போனாலும் வேண்டுதல் என்று விட்டுவிடுவார்கள்.

படகு எங்கே போகிறது என்று கை காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கதை போயிருக்கும்.

ஓட்டியவனுக்குச் செழியன் என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட கார்த்திகைக் காலையில், நீல ஏரியின் மேல், செழியன் தன் துடுப்பை—"

நீலம் இல்லை. மழைக்குப் பிறகு எங்கள் ஏரிகள் டீ நிறம்.

இரண்டாவது: "பயணம் என்பது—"

வேண்டாம்.

மூன்றாவது: "செழியன் மனைவியைக் கூப்பிடப் படகில் கிளம்பினான்." இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதுவே இருக்கட்டும்.

மனைவி மதிவதனி. கீழ்பென்னாத்தூர் தாண்டி, தாய் வீட்டில் இருக்கிறாள். கோபம் ஆறிவிடும் என்று அவன் காத்திருந்தான். அவள் அதற்குள் ஓசூரில் வேலை தேடிக்கொண்டாள். நாளைக் காலை கிளம்புகிறாள். போனால் வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் கையில் இருப்பது இன்றைய பகல்.

3

அவள் ஏன் போனாள்?

முதல் வரைவில் செழியன் குடித்தான். அடித்துவிட்டேன். (அந்த வரியை.) குடிக்கிறவனை விட்டுப் போகிறவளுக்குக் கதை தேவையில்லை. இவன் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. மலையைச் சுற்றி ஆட்டோ ஓட்டினான். விடுமுறை நாளிலும் ஓட்டினான். சாத்தனூர் அணைக்குப் போய்ப் படகில் ஏறலாம் என்று கல்யாணமான வாரம் சொன்னான். பௌர்ணமி வந்தது. பிறகு தீபம். பிறகு அடுத்த பௌர்ணமி.

கிளம்பிய அன்று அவள் சத்தம் போடவில்லை.

"உங்ககூட எங்க போனாலும் மலையச் சுத்திட்டு வூட்டுக்கே வந்துடறோம்" என்றாள்.

ஊரே புண்ணியத்துக்குச் சுற்றுகிறது. அவன் பிழைப்புக்குச் சுற்றுகிறான். இதைத் தப்பு என்று அதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவள் போன பிறகு படகை ஆன்லைனில் வாங்கினான். கட்டிலின் மேல் வைத்துக் காற்றடித்துப் பார்த்தான். காற்றை இறக்கினான். மறுபடி அடித்தான்.

(சாத்தனூரில் படகு வாடகைக்குக் கிடைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவனுக்கு அது அப்போது தோன்றவில்லை.)

4

மூன்று ஏரிகள். மேல் ஏரி, நடு ஏரி, கடை ஏரி. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் நடு ஏரிக்குப் போகும். அது வழிந்தால் கடை ஏரிக்கு. வழிவதை இங்கே கோடி போகிறது என்பார்கள்; வழிகிற சுவர் கோடி. இந்த வருடம் மூன்றும் கோடி போயின. கடை ஏரிக்கரையில்தான் மதிவதனியின் ஊர்.

ஒவ்வொரு கரையிலும் ஓர் ஊர், ஒரு படித்துறை. துறைமுகங்கள் என்றே எழுதத் தோன்றுகிறது. எழுதினால் கப்பல் கேட்பீர்கள்.

செழியன் மேல் ஏரிக் கரையில் ஆட்டோவை நிறுத்தினான். படகை இறக்கினான். துடுப்பு பிடிக்கத் தெரியவில்லை. முதலில் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இடது கையைக் குறைத்து வலது கையைக் கூட்டிப் பார்த்தான். நேரானது.

மேல் ஏரியின் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னா தம்பி, கப்பல் எந்த ஊருக்கு?"

"கடை ஏரிக்குங்க."

"பஸ்ஸு போவுதே."

"பஸ்ஸுல ரெண்டு தடவ போனேங்க. எறங்காமயே திரும்பிட்டேன்."

தங்கம்மாள் துணியைப் பிழிந்தாள். "படகுலயும் அப்படியே திரும்பிடாத" என்றாள்.

கோடிக்கு முன்னால் கரையேறினான். படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நடந்தான். நடு ஏரி. மறுபடி தண்ணீர். இங்கே கருவேல மரங்கள் பாதி முங்கி நின்றன. முள் குத்திவிடுமோ என்று ஒவ்வொரு மரத்துக்கும் பயந்தான். என்ன பேசுவது என்று யோசித்தான். "வா" என்று சொல்லிப் பார்த்தான். "வர்றியா" என்று சொல்லிப் பார்த்தான். இரண்டும் ஆட்டோவில் ஆள் கூப்பிடுவதுபோல இருந்தன. மறுபடி கரை, மறுபடி வரப்பு.

(இங்கே ஒரு கொக்கு இருந்தது. எடுத்துவிட்டேன். அது சும்மா அழகாக நின்றுகொண்டிருந்தது.)

5

கடை ஏரியின் கோடியில் ஊரே இருந்தது. வழிகிற தண்ணீரில் மீன் துள்ளிக்கொண்டு போகும். கூடை, கொசுவலை, குடம், கையில் அகப்பட்டதை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தவன் கத்தினான். "ஏலக்காரன் வர்றான்!"*

கூடைகளின் மேல் துண்டு விழுந்தது. ஒருவர் தன் கூடையின் மேலேயே உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர் ஆதிமூலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து படகின் கயிற்றைப் பிடித்தார்.

"இன்னாயா, ஏரி பூரா வலை போட்டது பத்தலனு கோடிக்கே வந்துட்டியா? வழிஞ்ச மீனு ஊருக்கு. போன வருஷமே பேசி முடிச்சாச்சு."

"நான் மீனுக்கு வரலீங்க."

"பின்ன? படகுல பொண்ணு பாக்க வந்தியா?"

சிரிப்பு. செழியனின் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன.

"என் வூட்டுக்காரிய கூப்பிட வந்தேங்க."

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள் கன்னியம்மாள். மதிவதனியின் பெரியம்மா.

"அட, நம்ம மதி வூட்டுக்காரரு! ஏன் மாப்ளே, ஆட்டோ தண்ணில ஓடலியா?"

மதிவதனி கோடிச் சுவரின் மேல் முழங்கால் தண்ணீரில் நின்றாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி. அதில் விரால் ஒன்று அடித்துக்கொண்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆதிமூலம் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுமா. உன் வூட்டுக்காரருனா உடறேன். ஏலக்காரன் ஆளுனா படகு ஊர்லயே கெடக்கும்."

அவள் சுவரோடு நடந்து வந்தாள். வாளியைப் படகுக்குள் வைத்தாள். படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"மூணு ஏரியும் தாண்டியா வந்தீங்க?"

"ம்."

"இதுக்கு அப்பால எங்க போறது?"

செழியன் அவளைத் தாண்டிப் பார்த்தான். தண்ணீர் சுவரிலிருந்து விழுந்து ஓடையாகி நெல் வயல்களுக்குள் போனது. அவன் இதுவரை வந்து சேர்வதைத்தான் யோசித்திருந்தான்.

"இதான் கடைசி ஏரி" என்றான்.

"அப்போ வந்த வழியேதான் போவணும்."

"ஆமா."

"சீக்கிரம் சொல்லுமா" என்றார் ஆதிமூலம். "இழுக்குது. கயிறு கைய அறுக்குது."

* ஏரி மீனை ஏலம் எடுத்தவர். இந்த ஏரியில் படகு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் படகு என்றாலே அவர். வழிந்த மீன் யாருடையது என்பதில் வருடா வருடம் சண்டை.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று. ஏறுகிறாள். இருவரும் எதிர்நீரில் துடுப்பு போடுகிறார்கள். இருட்டுவதற்குள் ஆட்டோவை அடைகிறார்கள். அடுத்த பௌர்ணமிக்கு அவன் சவாரிக்குப் போகிறான்.

இரண்டு. "இவரு யாருனு தெரியல மாமா" என்கிறாள். ஊர் படகைப் பறித்துக்கொள்கிறது. நல்ல சிரிப்பு. கூட்டத்தில் படித்தால் கை தட்டுவார்கள்.

மூன்று. செழியன் இறங்கித் துடுப்பை அவளிடம் கொடுக்கிறான். அவனை உயர்த்திக் காட்டும் முடிவு. ஓசூருக்குப் போகிறவளுக்குத் துடுப்பு எதற்கு?

மூன்றையும் திரும்பப் படித்தேன். மூன்றிலும் நான் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், அவன் தோளுக்குப் பின்னால். அவன் கை கொப்பளித்தது எனக்குத் தெரிகிறது. அவள் காலடியில் சுவர் வழுக்குகிறதா என்றுகூடத் தெரியவில்லை. தண்ணீரில் நின்று ஒரு வரியும் நான் எழுதவில்லை. எழுதினால் அவளை ஏற்றிவிடுவேன். இவ்வளவு தூரம் அவனோடு வந்துவிட்டேன்; எனக்கு வீடு திரும்ப வேண்டும்.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு. அவள் கை படகின் விளிம்பில் இருக்கிறது. ஏறுகிறவளும் அங்கேதான் பிடிப்பாள். தள்ளிவிடுகிறவளும் அங்கேதான் பிடிப்பாள்.

நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் சுவரின் மேல் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். முழங்கால் அளவுதான். அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

எனக்குச் சொல்ல வேண்டாம்.