ஒரே தடத்தில் மூன்று துளிகள்

மாலை ஐந்து மணிக்குள் வரைபடத்தை அனுப்பாவிட்டால் தேவதர்ஷினியின் சிப் தயாராகாது. ஆய்வகம் அவள் பெயரில் வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளுடைய பேராசிரியர் ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்றாம் முறை கேட்க ஜெகதீஸ்வரனுக்கு வாய் வரவில்லை.

காய்ச்சல் என்று மனைவியைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நான்காம் நாள் ஆம்புலன்ஸில் உடலைத்தான் கொண்டு வந்தான். ஏழு மாதம் ஆகிறது.

அவள் விட்டுப்போனது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடி சிப்பின் வரைபடம். சிப்பில் இறாலின் ரத்தத்தை ஒரு துளி விட்டால் வெள்ளைப்புள்ளி நோய் உண்டா இல்லையா என்று காட்டும். உள்ளே குழாய் கிடையாது. சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள். பக்கத்துக் கட்டத்துக்கு மின்சாரம் கொடுத்தால் துளி அங்கே நகரும். ரத்தமும் சோதனை மருந்துகளுமாக மூன்று துளிகள் எந்தெந்த வழியில் போக வேண்டும் என்பதை மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜெகதீஸ்வரனின் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். செல்போன் சிப்புக்குள் ஓடும் கம்பிகளுக்கு மென்பொருளை வைத்து வழி பிடிப்பவன். அந்தத் தைரியத்தில்தான் முடித்துத் தருகிறேன் என்று சொன்னான். மூன்று நாளாகத் திரையில் ஒரே பதில்: மூன்றாம் துளிக்கு வழி இல்லை.

இரண்டு மணிக்கு வரதன் வாசலில் வந்து நின்றான். பெரியப்பா மகன்.

"இன்னா ஜெகா, இன்னிக்கு நம்ம பாடு. வர்றியா?"

ஏரியில் வலை கட்டும் இடங்கள் முறை வைத்து மாறும். அதற்குத்தான் பாடு என்று பெயர். அப்பா போன பிறகு அந்த முறையில் இவன் பெயரும் இருந்தது.

"வேலை இருக்குண்ணா."

"மூணு நாளா அந்தப் பொட்டியவே மொறைக்கிற. அதுல இன்னா, இறாலா மாட்டப் போவுது?"

"எந்த எடம்?"

"வடக்கால."

"அங்க மாரியோட ஆளுங்க வலை கட்டியிருக்காங்க இல்ல?"

"அது நேத்து. வலைய அவுத்துக்கினு போய்ட்டான். இன்னிக்கும் அங்கியே குந்தியிருக்க அது அவன் நைனா வூட்டு எடமா?"

வரதன் சிரித்துக்கொண்டே போனான். ஜெகதீஸ்வரன் சிரிக்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தான்.

கம்பி ஒரு முறை போட்டால் போட்டதுதான்; அந்த இடத்தில் இன்னொன்று வர முடியாது. துளி அப்படியில்லை. வரும், போய்விடும். முதல் துளி போன தடத்தையெல்லாம் அவன் சுவர் வைத்து அடைத்திருந்தான். தர்ஷினி ஒவ்வொரு பாதைக்கும் எதிரே எண்கள் எழுதியிருந்தாள். வரிசை எண் என்று நினைத்து அவற்றை அழித்திருந்தான். அவை நொடிக் கணக்கு. எந்தத் துளி எப்போது இடத்தைக் காலி செய்யும் என்ற கணக்கு. இடையில் ஒரு வெறும் நீர்த்துளியும் வைத்திருந்தாள். முந்தைய துளியின் மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போக.

அவளுடைய பழைய கோப்பைத் திறந்தான். அவள் எண்களை அப்படியே எடுத்துப் போட்டு, சுவர்களை எடுத்துவிட்டு ஓட்டினான். இருபது நொடியில் மூன்று துளிக்கும் வழி வந்தது. பிழை எதுவும் இல்லை.

"தர்ஷி, கம்பின்னு நெனச்சுட்டேன்டி" என்று பக்கவாட்டில் திரும்பிச் சொன்னான். பக்கத்தில் நாற்காலிகூட இல்லை.

நாலே முக்காலுக்கு அனுப்பினான். வந்து சேர்ந்தது என்று ஆய்வகத்திலிருந்து ஒரு வரி வந்தது. பேராசிரியருக்கு அழைத்தான், எடுக்கவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கரைக்குப் போய் நின்றான்.

படகு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. வரதன் முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

"இன்னாடா, இங்க நிக்கிற?"

"ஒரு தப்பு பண்ணிட்டேண்ணா. மூணு நாளா."

"ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. சரி பண்ணிட்டேன்."

வரதனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. புரியவில்லை என்று தெரிந்தது.

"சரி, கூடையப் புடி" என்றான்.

ஜெகதீஸ்வரன் தண்ணீரில் இறங்கினான்.