உங்களுக்கு முன்னால் 412 பேர்

...உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வலப்பக்கம் ஓடுவார்கள், நாம் இடப்பக்கம் திரும்ப வேண்டும், தண்ணீர்ச் சறுக்கை முதலில் முடித்துவிட வேண்டும், பத்தரைக்கு மேல் அங்கே எள் போட இடமிருக்காது என்று தாளில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று, தங்கை வீட்டில் நாலு பேர், இவளும் மகனும், ஆக ஆறு, பள்ளி விடுமுறையில் ஊரே அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில்தான் கிடக்கும்... கணினியில் பூங்காவின் டிக்கெட் பக்கம் ‘உங்களுக்கு முன்னால் 412 பேர்’ என்று காட்டியது, பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாகப் பிறத்தியார் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவள், இன்றைக்குத் தானும் ஒரு வரிசையில் நிற்கிறாள், "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் கன்னம் வீங்கியிருந்த பெரியவர், "அடுத்தது நீங்கதான் சார்," அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள், இப்படிச் சொன்னால் வலி கொஞ்சம் அடங்கும் என்பது அவள் அனுபவம்.

அறுபது, பதினேழு, நாலு... திறந்துவிட்டது. விடுமுறைச் சலுகை ஆளுக்கு ஒரு தடவைதான், பூங்காவில் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள பதிவு எண்ணைக் கேட்கும், தங்கை பிள்ளைகளின் எண்கள் பெற்றவளுக்கே தெரியாது, இவளுக்கு மனப்பாடம். மூத்தவளின் எண்ணைப் போட்டாள். ‘சலுகை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது, செவ்வாய், காலை 9:01.’ தப்பாகப் போட்டிருப்பேன், சின்னவனுடையதைப் பார்ப்போம்... செவ்வாய், 9:01. செவ்வாயா, அன்றைக்குத்தானே சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாள், இவள் பல் டாக்டரைக் கெஞ்சி மருந்துப் பெயர்கூட வாங்கி அனுப்பினாளே, ஒன்பது ஒன்று... கதவு திறக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தது யார்?

தங்கைக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டாள். தங்கை சொன்னாள், "கோவிச்சுக்காதக்கா, அவரோட தம்பி குடும்பம் திடீர்னு வந்துட்டாங்க, வண்டி நிறைஞ்சுடுச்சு, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா உன் தாள்படியேதான் போனோம், எங்கயும் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கல. எல்லாரும் உன்னைத்தான் புகழ்ந்தாங்க." புகழ்ந்தார்களாம், தாளை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள், கூடப்பிறந்தவளே முதுகில் குத்திவிட்டாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. "பையெல்லாம் யாரு பாத்துக்கிட்டா?"

"பையா? அங்கயே லாக்கர் தர்றாங்களேக்கா."

போனை வைத்தாள். பணம் கட்ட இன்னும் ஆறு நிமிடம் என்றது திரை, பெரியவர் மறுபடி எழுந்து பார்த்தார், கைப்பைக்குள் அந்தத் தாளின் நகல் இருந்தது, எந்தச் சறுக்கில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று வரிவரியாக, தங்கையோடு சின்னவன், அவள் கணவரோடு மூத்தவள், அவர்களுக்குப் பின்னால் இவள் மகன், ஒன்பது சறுக்கிலும் இவளுக்கு நேரே ஒரே வார்த்தை, ‘பை’, ‘பை’... அப்படி எழுது என்று யாராவது சொன்னார்களா, இவள் கையெழுத்துத்தானே, கோபம் தணியவில்லை, அதைத் தங்கை மேல் மட்டும் முழுசாகக் கொட்டவும் முடியவில்லை. ஆறை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டாள், மகனுக்குத் தண்ணீர்ச் சறுக்கு, அது தெரியும், உயரமான அந்த ராட்டினமும் பிடிக்கும், அதுவும் தெரியும், சரி, இரண்டாவது டிக்கெட்டில் போகிற அந்த இன்னொருத்திக்கு... அவளுக்கு எது பிடிக்கும்?