முகவரியில் போட்ட பெயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. "அந்தப் பேரை நீயாடா போட்ட?" என்று அக்கா கேட்டாள். "நான் இல்லக்கா" என்றேன்.

2

‘ஒரு செய்தி இணையதளத்தில் பணியாற்றும் நான்’ என்று தொடங்கினேன். வேலை விண்ணப்பம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

எங்கள் தளத்தின் பழைய பக்கங்களுக்கு இணைய முகவரி வெறும் எண்கள்தான். அவற்றைச் சொற்களாக மாற்றுவது என் வேலை. தேடுபொறிக்கும் புரிய வேண்டும். வருகிறவருக்கும் முகவரியைப் பார்த்ததுமே விஷயம் தெரிய வேண்டும். [நல்ல வேலை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.]

நான்காயிரமாவது பக்கமோ என்னவோ, அதில் அத்தான், அக்காவின் கணவர், இருந்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய செய்தி: பள்ளிப் பேருந்தைக் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது. பரிசோதனையில் அவர் குடிக்கவில்லை என்று தெரிந்து மறுவாரமே விட்டுவிட்டார்கள். செய்தி யார் கண்ணிலும் படாமல் ஓர் எண்ணுக்குப் பின்னால் கிடந்தது.

‘பேருந்து-ஓட்டுநர்-கைது’ என்று வைத்தேன். மேலாளர் பின்னால் வந்து குனிந்தார்.

"எந்த ஓட்டுநர்? பேரைப் போடுங்க. பேரை வச்சுத்தான் தேடுவாங்க."

3

[இங்கே நான் மேலாளரிடம் மறுத்துப் பேசுவதாக ஒரு வரைவு எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. அழித்துவிட்டேன்.]

பெயரைப் போட்டேன். "இவர் எங்க அத்தான் சார்" என்று தொண்டை வரை வந்து...

4

அத்தான் வேறொரு பள்ளியில் வேலை கேட்டிருந்தார். வண்டியை ஓட்டிக் காட்டியதும், திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அங்கிருந்து போன்: "உங்க பேரைத் தேடினா முதல்ல அதுதான் சார் வருது. பெத்தவங்க பார்த்தா வம்பாயிடும்."

அன்றிலிருந்து வீட்டில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார், அதுவும் மகளிடம்: "உன்கிட்ட யாரும் ஏதும் கேட்டாங்களாம்மா?"

மேலாளரிடம் போனேன். "விடுதலையான செய்திக்கும் பேரோட முகவரி வச்சிடலாம் சார்."

"எந்தச் செய்தி? விட்டுட்டாங்கன்னு நாம போடவே இல்லையே."

"அப்ப பழைய எண்ணுக்கே மாத்திடலாமா?"

"முதல்ல வர்ற பக்கத்தையா?" என்று சிரித்தார்.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வேலையை விடுகிறேன். (விடவில்லை.) இன்னொன்றில் அந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாக நீக்குகிறேன். (அதற்குள் நாலு தளங்கள் பெயரோடு எடுத்துப் போட்டுவிட்டன.)

நடந்தது இது. அக்கா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா எந்தப் பாவி போட்டானோ தெரியல. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, எப்படியாவது எடுத்துக் குடுத்துடுடா. உன்னை விட்டா எங்களுக்கு யாரு?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது அதைவிட மோசம்.